வெள்ளைக் கிளையின் விதைகள்

எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு தொட்டிச் செடி உண்டு. மருள் இனத்தைச் சேர்ந்தது. கத்தி போல் நிமிர்ந்து நிற்கும் தடித்த இலைகள். அவற்றின் குறுக்கே பாம்பின் மேனியில் உள்ளாற்போல் கரும்பச்சை வரிகள். இரு ஓரங்களிலும் வேட்டிக்குக் கரை போட்டது போன்ற பொன்மஞ்சள். பல்லாண்டு வாழும் செடி. தண்ணீர் ஊற்ற மறந்தாலும் கோபித்துக் கொள்ளாது. இதனைப் பெருக்க எண்ணி ஒரு முறை இலை ஒன்றை நான்கு விரற்கடைத் துண்டுகளாக நறுக்கி மணலில் நட்டேன். வேர் பிடிக்கவே இரண்டு மாதம் ஆயிற்று. மேலும் சில மாதம் கழித்து ஒவ்வொரு துண்டின் அடியிலிருந்தும் குருத்து எழுந்தது. ஆனால் ஒரு குருத்திலும் மஞ்சள் கரை இல்லை. குறுக்கு வரிகள் இருந்தன. கரை மட்டும் காணாமற் போயிருந்தது. செடி விற்றவரிடம் போய்ச் சொன்னேன். "இலையை வெட்டி வைத்தால் கரை வராது சார், கிழங்கைப் பிரித்து வைக்க வேண்டும்" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "அது அப்படித்தான்" என்பதே விடை.

தோட்டக்காரர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்த இந்த "அப்படித்தான்" ஏன் என்பதை விளக்க முற்பட்டபோதுதான், மரபியலின் பெருவிதி ஒன்றுக்கு முதல் விலக்கு அகப்பட்டது. அந்த வரலாற்றில் நம் ஊர் அந்தி மந்தாரைக்கும் ஓர் இடம் உண்டு. அந்தப் பெருமையை யாருக்குக் கொடுப்பது என்பதில் நம் பாடநூல்களோடு எனக்குச் சிறு வழக்கும் உண்டு.

முதலில் இலையின் வெண்மையைப் பற்றி ஒரு வார்த்தை. இயற்பியல் கற்பிப்பவனுக்கு இதைச் சொல்லாமல் மேலே போக மனம் வராது. இலை பச்சையாயிருப்பதற்குக் காரணம், அதிலுள்ள பச்சையம் ஒளியின் நீலப் பகுதியையும் சிவப்புப் பகுதியையும் மிகுதியாக உறிஞ்சிக்கொண்டு பச்சையை ஓரளவு விட்டுவிடுவது. ஆனால் வெள்ளைத் திட்டில் வெள்ளைச் சாயம் எதுவும் இல்லை. அங்கே பச்சையம் இல்லை, அவ்வளவே. இலைக்குள் செல்களுக்கு இடையில் காற்றறைகள் நிறைய உண்டு. நீர் நிறைந்த செல்லிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து செல்லுக்கும் ஒளி மாறி மாறிச் செல்லும்போது ஒவ்வோர் எல்லையிலும் சிறிது சிதறித் திரும்புகிறது. சோப்பு நுரை வெண்மையாகத் தோன்றுவதும் இதே காரணத்தால்தான். காற்றறைகளை நீரால் நிரப்பிவிட்டால் அந்த வெண்மை, எண்ணெய் தடவிய காகிதம்போல் மங்கலான கண்ணாடியாகிவிடும்.

ஆகவே வெள்ளைத் திட்டு என்பது செடிக்கு அழகு அன்று, வறுமை. அங்கே ஒளிச்சேர்க்கை நடப்பதில்லை. அது உயிர் வாழ்வது அடுத்த பச்சைத் திசு ஆக்கித் தரும் சர்க்கரையால். ஒரு செடியில் முழுக் கிளையே வெள்ளையாக இருந்தாலும், வேரும் மற்றக் கிளைகளும் ஊட்டும்வரை அது செழிப்பாகவே இருக்கும்; பூக்கவும் காய்க்கவும் செய்யும். அதன் விதை தனியாக மண்ணில் விழும்போதுதான் கணக்குத் தீர்க்கப்படுகிறது.

இலையில் வெள்ளையும் மஞ்சளும் தோன்றுவதற்குக் காரணம் ஒன்றல்ல என்பதே இத்துறையில் முதலில் தெளிய வேண்டியிருந்தது. நம் துத்திக்கு உறவான அபுட்டிலான் செடி ஒன்று 1868-இல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து இங்கிலாந்துக்கு வந்தது. பச்சையும் மஞ்சளும் கட்டம் கட்டமாக இழைத்த இலை. அதைக் கண்டு மயங்கிய தோட்டக்காரர்கள் ஒட்டுக்கட்டி ஐரோப்பா முழுவதும் பரப்பினார்கள். ஒரு விந்தையையும் கண்டார்கள்: வண்ணக் கிளையைச் சாதாரணப் பச்சைச் செடியின் மேல் ஒட்டினால், சில வாரங்களில் அந்தப் பச்சைச் செடியும் வண்ணக்கோலம் பூண்டது! ஆனால் விதை போட்டால் பச்சைக் கன்றுகளே முளைத்தன.

இதனை ஆராய்ந்தவர் எர்வின் பௌர் என்ற ஜெர்மானியர் (1875-1933). மருத்துவம் படித்து, மனநோய் மருத்துவராகச் சில காலம் பணியாற்றி, பிறகு தாவரவியலுக்கு வந்தவர். மருத்துவர் அல்லவா! இந்த அழகு ஒரு தொற்றுநோய் என்று கண்டுகொண்டார். 1904 முதல் வெளியிட்ட கட்டுரைகளில், ஒட்டு மூலம் தொற்றுவதும் விதை மூலம் இறங்காததும் ஆன வண்ணக்கோலத்தைத் தனி வகையாகப் பிரித்து வைத்தார். அது வெள்ளை ஈயால் பரவும் வைரசின் வேலை என்பது பின்னாளில் தெளிவாயிற்று. நம் வயல்களில் வெண்டை இலையின் நரம்புகளை மஞ்சளாக்கிக் காய்ப்பைக் கெடுக்கும் தேமல் நோயின் வைரசும் இதன் சுற்றத்தார்தான். ஒரே குடும்பத்தின் கைவேலை. பூந்தொட்டியில் இருந்தால் காசு கொடுத்து வாங்குகிறோம், வெண்டைப் பாத்தியில் கண்டால் பிடுங்கி எரிக்கிறோம்.

பௌர் அடுத்து எடுத்துக்கொண்டது பெலர்கோனியம். ஜெரேனியம் என்ற பெயரில் உதகையிலும் கொடைக்கானலிலும் சன்னலோரத் தொட்டிகளில் இதைக் காணலாம். அதில் வெள்ளைக் கரையிட்ட வகை ஒன்று உண்டு. இங்கே தொற்று எதுவும் இல்லை. ஒட்டினால் கரை பரவுவதில்லை. பின் எப்படி வந்தது கரை?

இதற்கு ஒரு திறவுகோல் வேறோர் இடத்திலிருந்து கிடைத்தது. 1907-இல் ஹான்ஸ் விங்க்ளர் என்பவர் தக்காளியையும் மணத்தக்காளி இனச் செடியையும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒட்டு கூடிய பிறகு இணைப்பிடத்தின் குறுக்கே வெட்டிவிட்டார். வெட்டுவாயில் எழுந்த துளிர்களுள் ஒன்று, ஒரு பாதி தக்காளியாகவும் மறு பாதி மணத்தக்காளியாகவும் வளர்ந்தது. இரண்டும் கலந்து ஒன்றாகவில்லை. இரண்டும் அருகருகே தத்தம் இயல்போடு ஒரே தண்டாக நின்றன. கிரேக்கக் கதையில் சிங்கமும் ஆடும் பாம்பும் சேர்ந்த விலங்கின் பெயரால் இதனைக் 'கைமீரா' என்றார் விங்க்ளர். நம் கோயில் தூண்களைப் பார்த்து வளர்ந்தவராயிருந்தால் யாளி என்றிருப்பார்.

வெள்ளைக் கரையிட்ட பெலர்கோனியமும் ஒரு யாளிதான் என்று கண்டார் பௌர். ஆனால் இங்கே இரு இனங்களும் பக்கம் பக்கமாக இல்லை. ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளன. செடியின் வளரும் நுனியில் செல்கள் அடுக்கடுக்காக அமைந்து, ஒவ்வோர் அடுக்கும் பெரும்பாலும் தன் வழியிலேயே பெருகிச் செல்கின்றது. வெளி அடுக்குகளில் உள்ள செல்கள் பச்சையம் உண்டாக்கும் ஆற்றலை இழந்தவை. உள்ளடுக்கு நல்ல பச்சை. பச்சைக் கைக்கு வெள்ளைக் கையுறை மாட்டியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இலையின் நடுப்பகுதியில் உள்ளடுக்கின் பச்சை தெரிகிறது; ஓரத்தை ஆக்குவது வெளியடுக்கு மட்டுமே ஆகையால் அங்கே வெள்ளை.

என் முற்றத்துச் செடியின் புதிரும் இத்தோடு அவிழ்ந்தது. அதன் மஞ்சள் கரையும் இவ்வாறு அடுக்கால் அமைந்ததே. இலைத் துண்டிலிருந்து புதுக் குருத்து எழும்போது அது உட்புறத் திசுவிலிருந்து எழுகிறது. அங்கே இருப்பது பச்சை இனம் மட்டும். கையுறையைக் கழற்றிவிட்டுக் கையை மட்டும் நட்டிருக்கிறேன்! கிழங்கைப் பிரித்து வைத்தாலோ, அதிலுள்ள அரும்பில் அடுக்குகள் எல்லாம் வரிசை மாறாமல் இருக்கின்றன, கரையும் தொடர்கிறது.

பௌரின் விளக்கத்தில் இன்னொரு முடிவும் அடங்கியிருந்தது. செடியின் முட்டைச் செல்லும் மகரந்தமும் தோலுக்கு அடுத்த அடுக்கிலிருந்து தோன்றுகின்றன. வெள்ளைக் கரையிட்ட பெலர்கோனியத்தில் அந்த அடுக்கு வெள்ளை. எனவே அதைத் தன்னுள்ளேயே கருவுறச் செய்து விதை எடுத்தால் கன்றுகள் எல்லாம் முழு வெள்ளையாக முளைத்து, விதையிலுள்ள உணவு தீர்ந்ததும் மடிய வேண்டும். மடிந்தன.

இனி அந்தி மந்தாரைக்கு வருவோம். மாலை நான்கு மணிக்கு மேல் விரிந்து காலையில் வாடும் மலர். மிளகு போன்ற கறுத்த விதை. மேலே வாடினாலும் மண்ணுக்குள் கிழங்கு தங்கி மறுபடி தழைக்கும் பல்லாண்டுச் செடி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்து, நம் கொல்லைப்புறங்களில் யாரும் விதைக்காமலே வளரும் அளவுக்கு நம்முடையதாகிவிட்டது. ஆராய்ச்சியாளருக்கு இது பழைய தோழி. பட்டாணியில் மரபு விதிகளைக் கண்ட மெண்டல், அந்தி மந்தாரை சூலைக் கருவுறச் செய்ய ஒரேயொரு மகரந்தத் துகள் போதும் என்று தாம் சோதித்துக் கண்டதை, மியூனிக்கில் இருந்த பேராசிரியர் நேகெலிக்கு 1870-இல் கடிதம் எழுதித் தெரிவித்தார். நேகெலி மெண்டலின் விதிகளைப் பொருட்படுத்தவில்லை. கடிதங்கள் மட்டும் அவர் தாள்களுக்கிடையே கிடந்தன.

அந்த நேகெலியின் மாணவர் கார்ல் கோரென்ஸ் (1864-1933). நேகெலியின் உறவுப் பெண்ணையே மணந்தவர். 1900-ஆம் ஆண்டில் மெண்டலின் விதிகளை மீட்டெடுத்து உலகுக்கு அறிவித்தவர்களுள் ஒருவர். தாமும் அதே விதிகளைத் தனியாகக் கண்டிருந்தும், கட்டுரையின் தலைப்பிலேயே அவற்றை மெண்டலின் பெயரால் குறித்து முன்னோர்க்கு உரியதை முன்னோர்க்கே கொடுத்த பண்பாளர். நேகெலியின் தாள்களில் கிடந்த மெண்டலின் கடிதங்களை 1905-இல் பதிப்பித்தவரும் அவரே. சிவப்பு அந்தி மந்தாரையையும் வெள்ளை அந்தி மந்தாரையையும் கலந்தால் இளஞ்சிவப்பு வரும் என்று மாணவர்கள் படிக்கிறார்களே, அதுவும் கோரென்ஸின் பெயரோடு இணைந்த பாடம்.

பூவை விட்டு இலைக்கு வந்தார் கோரென்ஸ். அவரிடம் இலை நிறம் மாறிய அந்தி மந்தாரை வகைகள் சில இருந்தன. இரண்டு வகைகள் மெண்டலின் விதிக்கு அடங்கி நடந்தன: பச்சையோடு கலந்தால் முதல் தலைமுறையில் மறைந்து அடுத்த தலைமுறையில் தலைகாட்டின. வெண்புள்ளி வகை மட்டும் அடங்கவில்லை. அதன் ஒரே செடியில் மூவகைக் கிளைகள் காணப்பட்டன: முழுப் பச்சை, முழு வெள்ளை, புள்ளியிட்டவை. மூன்றிலும் பூக்கள். ஒவ்வொன்றின் மகரந்தத்தையும் மற்றொன்றின் சூல்முடியில் இட்டு, விதைகளைத் தனித்தனியே சேர்த்து விதைத்தார்.

விளைவு இது. பச்சைக் கிளைப் பூவுக்கு வெள்ளைக் கிளை மகரந்தத்தை இட்டாலும் கன்றுகள் அனைத்தும் பச்சை. வெள்ளைக் கிளைப் பூவுக்குப் பச்சைக் கிளையின் மகரந்தத்தை இட்டாலும் கன்றுகள் அனைத்தும் வெள்ளை. சில நாளில் மடிந்தன. புள்ளிக் கிளையின் விதைகளில் மூவகையும் முளைத்தன. மகரந்தம் எங்கிருந்து வந்தது என்பதற்கு எவ்விதப் பொருளும் இல்லை. தாய் எக்கிளையோ அக்கிளைப்படி பிள்ளை.

மெண்டல் விதியின் உயிர்நாடி, தாயும் தந்தையும் சமபங்கு தருகின்றனர் என்பது. சிவப்புக்கு வெள்ளை மகரந்தமிட்டாலும் வெள்ளைக்குச் சிவப்பு மகரந்தமிட்டாலும் ஒரே இளஞ்சிவப்பு வருவது அதனால்தான். உட்கருவைத் தந்தையும் தருகிறான். ஆனால் முட்டைச் செல்லின் சைட்டோபிளாசம் பெரும்பாலும் தாய் கொடுத்தது. ஆக, உட்கருவுக்கு வெளியே மரபு கடத்தும் ஏதோ ஒன்று உண்டு. மெண்டலை மீட்டவரின் கையிலேயே மெண்டலுக்கு அடங்காத செடி பூத்தது!

அந்த ஏதோ ஒன்று எது? வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. பௌர் நடத்தி வந்த மரபியல் ஏட்டின் முதல் தொகுதியில், 1909-இல், கோரென்ஸின் கட்டுரை 329-ஆம் பக்கத்தில் முடிகிறது. பௌரின் பெலர்கோனியக் கட்டுரை 330-ஆம் பக்கத்தில் தொடங்குகிறது. ஒரு தாளைப் புரட்டினால் இரு வேறு விடைகள்.

கோரென்ஸ் சொன்னது: வெண்புள்ளிச் செடியின் சைட்டோபிளாசம் நோயுற்றது. அந்நோய் முட்டை வழியே இறங்குகிறது. அதனால் அதிலுள்ள பசுங்கணிகங்கள் வெளிறிப் போகின்றன. கணிகங்கள் பாதிக்கப்படுவன, அவ்வளவே; மரபைச் சுமப்பன அல்ல.

பௌர் பார்த்தது வேறு. அவர் பச்சைப் பெலர்கோனியத்தையும் வெள்ளைக் கிளையையும் இரு திசையிலும் கலந்தார். எத்திசையில் கலந்தாலும் கன்றுகள் பலவற்றில் பச்சையும் வெள்ளையும் திட்டுத்திட்டாகக் கலந்திருந்தன. அதாவது பெலர்கோனியத்தில் தந்தையின் மகரந்தமும் தன் பங்கைத் தருகிறது. மெண்டல் விதிப்படி பாகம் பிரிவதாயின், ஒரே கன்றின் உடம்புக்குள் திட்டுத்திட்டாகப் பிரிய வேண்டிய தேவை இல்லை. பௌரின் விளக்கம் எளியது. கருவுற்ற முட்டையில் தாயின் கணிகங்களும் தந்தையின் கணிகங்களும் கலந்து கிடக்கின்றன. சில பச்சையாகும் திறனுள்ளவை, சில இல்லாதவை. செல் பிரியும்போது கணிகங்கள் கண்டபடி இரு பங்காகின்றன. பொரியையும் கடலையையும் கலந்து கைக்குக் கை அள்ளிப் பிரித்துக்கொண்டே போனால், கடைசியில் சில கைகளில் வெறும் பொரியும் சில கைகளில் வெறும் கடலையும் மிஞ்சும் அல்லவா? அவ்வாறே தலைமுறை தலைமுறையாகப் பிரியும் செல்களில் சில வெறும் பச்சையும் சில வெறும் வெள்ளையும் ஆகின்றன. கணிகங்கள் புதிதாக உருவாவதில்லை, முன்னிருந்த கணிகம் பிளந்தே உண்டாகின்றன என்று ஷிம்பர் 1883-இல் கூறியிருந்தது இதற்கு அடித்தளமாயிற்று. கணிகம் தானே மரபைச் சுமக்கிறது என்பது பௌரின் முடிவு.

இவ்விரு விடைகளுள் பௌருடையதே சரி. அந்தி மந்தாரையின் மகரந்தம் கணிகங்களை முட்டைக்குக் கொண்டு சேர்ப்பதில்லை. பெலர்கோனியத்தின் மகரந்தம் சேர்க்கிறது. இரு செடிகளின் முரணும் இதோடு தீர்ந்துவிடுகிறது. ஆனால் கோரென்ஸ் தம் வாழ்நாள் இறுதிவரை கணிகக் கொள்கையை ஏற்கவில்லை. வேறு பலரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. குரோமோசோம் ஆராய்ச்சி கொடிகட்டிப் பறந்த காலம் அது. 1926-இல் மார்கன், கணிகங்கள் பற்றிய அரிய சில நிகழ்ச்சிகள் நீங்கலாக, மரபியலைப் பொறுத்தவரை சைட்டோபிளாசத்தை ஒதுக்கிவிடலாம் என்ற கருத்தை எழுதினார். விலக்கை மறுக்கவில்லை, ஒரு சொற்றொடருக்குள் அடக்கி ஓரமாக வைத்துவிட்டார்.

ஜெர்மனியில் ஆட்டோ ரென்னர் மட்டும் இதை விடவில்லை. ஈனோதீரா என்ற செடியின் கலப்பினங்களில், ஒரே கணிகம் ஓர் உட்கருவோடு சேரும்போது பச்சையாகவும் வேறோர் உட்கருவோடு சேரும்போது வெளிறியும் இருப்பதைக் கண்டார். வெளிறிய கணிகத்தைப் பல தலைமுறைக்குப் பின் அதற்கேற்ற உட்கருவோடு மறுபடி சேர்த்தால் அது பழைய பச்சையைப் பெற்றது. நோயாயிருந்தால் இப்படி நடக்குமா? கணிகம் தன் இயல்பைத் தன்னிடமே வைத்திருந்தது. 1943-இல் அமெரிக்கர் ரோட்ஸ், மக்காச்சோளத்தில் உட்கருவின் ஜீன் ஒன்று வெள்ளை வரிகளைத் தோற்றுவிப்பதையும், ஒருமுறை தோன்றிய வெண்மை பிறகு அந்த ஜீன் நீங்கினாலும் தாய்வழியே இறங்குவதையும் காட்டினார்.

கணிகத்துக்குள் இருக்கும் சரக்கு கண்ணில் பட்டது 1962-இல். ரிஸ், பிளாட் என்ற இருவர் பாசி ஒன்றின் பசுங்கணிகத்துக்குள் டி.என்.ஏ. இழைகளை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் கண்டார்கள். 1986-இல் ஜப்பானின் இரு குழுவினர் புகையிலையின் கணிக டி.என்.ஏ.வையும் மார்க்கான்ஷியா என்ற ஈரல்செடியின் கணிக டி.என்.ஏ.வையும் முழுமையாகப் படித்து முடித்தனர். புகையிலையில் அதன் நீளம் 1,55,000 எழுத்துக்கு மேல். அதில் நூற்றுக்கு மேற்பட்ட ஜீன்கள். பசுங்கணிகம் ஒருகாலத்தில் தனித்து வாழ்ந்த நீலப்பச்சைப் பாசியின் வழித்தோன்றல் என்று ருசிய அறிஞர் மெரெஷ்கோவ்ஸ்கி 1905-இலேயே எழுதியிருந்தார். அக்காலத்தில் பலர் நகைத்த அக்கருத்து இன்று அறிவியலில் நிலைபெற்றுவிட்டது. விருந்தாளியாய் வந்தவன் பெட்டியோடு வந்திருக்கிறான். பெட்டியில் உள்ளதில் பெரும்பகுதியை வீட்டுக்காரனின் அலமாரிக்கு மாற்றிவிட்டாலும் கொஞ்சம் தன்னிடமே வைத்திருக்கிறான்.

உட்கருவுக்கு வெளியே உள்ள மரபைக் கற்பிக்கும்போது நம் மேனிலைப் பள்ளித் தாவரவியல் அந்தி மந்தாரையையும் கோரென்ஸையும் கூறுகிறது. சோதனை அவருடையதே, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சோதனைக்கு அடியில் நாம் எழுதும் விளக்கம், கணிகங்களே மரபைச் சுமக்கின்றன என்பது, அவர் ஏற்காத விளக்கம். மெண்டலுக்கு உரியதை மெண்டலுக்கே கொடுத்த மனிதருக்கு, பௌருக்கு உரியதை நாம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். பௌரை முன்னிறுத்தும்போது மற்றொன்றையும் மறைக்கலாகாது. 1921-இல் பிஷர், லென்ஸ் என்ற இருவரோடு சேர்ந்து அவர் எழுதிய மனித மரபு பற்றிய நூல், பின்னர் நாஜிகளின் இனக் கொள்கைக்குத் துணை நின்றது. பெலர்கோனியத்தில் அவ்வளவு எச்சரிக்கையாகத் திட்டுகளை எண்ணியவர், மனிதர் விஷயத்தில் அந்த எச்சரிக்கையைக் காட்டவில்லை. இருவரும் இறந்தது ஒரே ஆண்டில், 1933-இல். கோரென்ஸ் அச்சிடாமல் விட்டுச் சென்ற குறிப்புகள் 1945-இல் பெர்லின்மீது விழுந்த குண்டுகளில் எரிந்து போயின.

புள்ளியிட்ட அந்தி மந்தாரை கிடைத்தால் வாசகர்கள் இதைத் தாமே செய்து பார்க்கலாம். நல்ல வெயில் படும் இடத்தில் நட்டு, பூக்கும் கிளைகளில் பச்சைக்கு ஒரு நூலும் வெள்ளைக்கு ஒரு நூலும் புள்ளிக்கு ஒரு நூலுமாகக் கட்டி, விதைகளைத் தனித்தனிப் பொட்டலத்தில் சேர்க்க வேண்டும். அந்தி மந்தாரை தானே தன் மகரந்தத்தை ஏற்றுக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே கலந்து பார்க்க விரும்புவோர் மொட்டு விரியுமுன் மகரந்தப் பைகளைச் சிறு இடுக்கியால் நீக்கிவிட வேண்டும். வெள்ளைக் கன்றுகளுக்கு எவ்வளவு உரமிட்டாலும் பயனில்லை. முதல் இரண்டு இலை விரிந்து, விதை உணவு தீரும்வரைதான். செடியின் கோலம் பல ஆண்டு நிலைக்க வேண்டுமானால், முழுப் பச்சைக் கிளை தலை தூக்கும்போதெல்லாம் அடியோடு வெட்டிவிட வேண்டும். அது மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்து, இரண்டொரு பருவத்தில் செடி முழுவதையும் பச்சையாக்கிவிடும். கோடையில் மேலே உள்ளது வாடினால் தோண்டிப் பார்க்க வேண்டாம். கிழங்கு உள்ளே இருக்கும், மழைக்குத் தழைக்கும்.

என் இலைத் துண்டுகளில் முளைத்த பாம்புச் செடிகள் கரையில்லாமலே நன்றாக வளர்ந்தன. கரையிட்ட தாய்ச் செடியைவிட வேகமாகவே வளர்ந்தன என்று சொல்ல வேண்டும்.